பயனாளிகள் நடக்கக் கூடாது

சங்கரன்கோவிலில் 'கருணைக் காலடி' அறக்கட்டளை தொடங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. வருடம் தவறாமல் மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அது தொண்டுப் பெருநடை ஒன்றை நடத்தும். நீண்ட தூர நடை. குழுக் குழுவாக நடக்க வேண்டும். ஊரில் எல்லோருக்கும் அந்த நடையைத் தெரியும். நடந்தவர்கள் யாரென்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பார்கள்.

அறக்கட்டளை எப்படி இயங்குகிறது என்பதை முதலில் விளக்கிவிட்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். தலைவர் ஒருவர், 'நடைச் செம்மல்' சங்கரபாண்டியன். துணைத் தலைவர்கள் ஆறு பேர். செயலாளர் பிரின்ஸ். இவர்களுக்குக் கீழே குழுக்கள். கொடியசைப்புக் குழு என்று ஒன்று உண்டு. அதற்குள் கொடியைத் தைத்து வாங்குவதற்கு ஒரு துணைக்குழு, தலைவர் கையில் நீட்டுவதற்கு ஒன்று, அசைத்து முடித்த கொடியைத் திரும்ப வாங்கி மடிப்பதற்கு ஒன்று. சால்வைக் குழு தனி. ஒலிபெருக்கிக் குழு தனி. மொத்தம் நாற்பத்தேழு பொறுப்பாளர்கள். நடப்பதற்கென்று மட்டும் ஒரு குழுவும் கிடையாது. அதைப் பொதுமக்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டிருந்தார்கள்.

பொதுமக்களும் அதைப் பார்த்துக்கொண்டார்கள். மைதான வாசலில் ஒரு வளைவு நிற்கும். அதன் முன்பக்கம் 'தொடக்கம்' என்றும் பின்பக்கம் 'நிறைவு' என்றும் எழுதியிருக்கும். போய்த் திரும்புகிற நடை என்பதால் ஒரே வளைவு போதும் என்பது ஏற்பாடு. கொடி அசைந்ததும் எல்லோரும் வளைவு வழியாக வெளியே போவார்கள். எதிரே டீக்கடை. டீ குடித்துவிட்டு அதே வளைவு வழியாக உள்ளே வருவார்கள். சான்றிதழ் உண்டு, தக்காளி சாதம் உண்டு.

இந்த வருடம் அதில் ஒரு சிக்கல் வந்தது. வெளியூர் நிறுவனம் ஒன்று, சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொள்கிற இந்தப் பக்கத்து நோயாளிகளுக்காக ஒரு வேன் தருவதாகச் சொன்னது. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது. சங்கரன்கோவிலிலிருந்து பனவடலிசத்திரம் வரை போய்த் திரும்ப வேண்டும், மொத்தம் முப்பத்தைந்து கிலோமீட்டர். ஒரு குழுவாவது, ஐந்து பேரும், காலால் நடந்து முடித்தால் வேன். இல்லையென்றால் இல்லை. நிறுவனத்தின் அதிகாரி நிர்மலாதேவி பனவடலிசத்திரத்தில் உட்கார்ந்து, நடந்து வருகிறவர்களின் அட்டையில் தன் கையாலேயே முத்திரை போடுவார்.

"காலால் என்று ஏன் தனியாகப் போட்டிருக்கிறார்கள்?" என்று செயற்குழுவில் ஒரு துணைத் தலைவர் வருத்தப்பட்டாராம். நம்பிக்கைக் குறைவு என்று தலைவர் பதில் சொன்னாராம்.

வேன் பற்றிய நோட்டீஸ் விசைத்தறி ஷெட்டின் கதவில் ஒட்டியிருந்ததைக் கோகிலா மூன்று தடவை படித்தாள். அவளுடைய கணவன் பெருமாள்சாமிக்கு வாரம் மூன்று நாள் திருநெல்வேலியில் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. இடது முழங்கையருகே இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருப்பார்கள். மேலே விரலை வைத்தால் உள்ளே தறி ஓடுவது போல அதிரும். அதில் ஊசி போட்டு ரத்தத்தை எந்திரத்துக்குள் விட்டு, சுத்தம் செய்து, திருப்பி உடம்புக்குள் ஏற்ற நாலு மணி நேரம். முடிந்து எழும்போது ரத்த அழுத்தம் இறங்கிக் கண்ணை இருட்டும். அந்தக் கையில் அடி படக் கூடாது, அதனால் கம்பியைப் பிடித்துத் தொங்கவும் கூடாது. அந்த நிலையில்தான் கூட்டமான பேருந்தில் ஒன்றரை மணி நேரம் வர வேண்டும். போன புதன்கிழமை மானூர் தாண்டி நின்றபடியே சரிந்துவிட்டான். யாரோ ஒரு கல்லூரிப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். அவள் எழுந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கோகிலா நான்கு நாளாக யோசிக்காமல் இருக்க முயன்றுகொண்டிருந்தாள்.

அவள் நாலு பேரைச் சேர்த்தாள். அதே ஷெட்டில் தறி ஓட்டும் முப்பிடாதியம்மாள், பிரேமலதா. தறிகளைப் பழுது பார்க்கும் பிட்டர் இசக்கித்துரை. ஐந்தாவது ஆள் மினி பஸ் டிரைவர் ரிபாயி. அவனுடைய வாப்பா முகம்மது யூசுப்புக்கும் அதே ஆஸ்பத்திரியில், அதே நாட்களில் டயாலிசிஸ்.

பெயர் கொடுக்கப் போனபோது செயலாளர் பிரின்ஸ் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"நடைப்பயிற்சிக்கு ஆதாரம் வேணும்மா. போன்ல ஆப் இருக்குல்ல, தினமும் எத்தனை அடி நடந்தீங்கன்னு காட்டும். அதோட முப்பது நாள் ஸ்கிரீன்ஷாட்."

"ஷெட்டுக்குள்ள போன் கொண்டுபோகக் கூடாது சார். ஆனா நாங்க நாள்பூராவும் நடக்கோம்," என்றாள் கோகிலா.

அவள் சொன்னது உண்மை. தறி ஓட்டுகிறவர்களுக்கு உட்கார இடமில்லை. ஒருவருக்கு எட்டுத் தறி. குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் இருக்கிற தார், அதாவது நூல் சுற்றிய குச்சி, தீர்ந்தால் ஓடிப்போய் மாற்ற வேண்டும். அதற்குள் நாலாவது தறியில் நூல் அறுந்திருக்கும். அதை முடிந்து திரும்பினால் ஏழாவது தறி நின்றிருக்கும். ஒரு ஷிப்டுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் தேறும் என்று இசக்கித்துரை ஒருமுறை காலடிகளை எண்ணிக் கணக்குப் போட்டிருந்தான்.

"அது வேலைம்மா," என்றார் பிரின்ஸ் பொறுமையாக. "நடைன்னா எந்தக் காரியமும் இல்லாம நடக்கிறது. காரியத்துக்காக நடந்தா அது கணக்குல வராது."

"இப்ப வேனுக்காக நடக்கப் போறோமே, அது காரியம் இல்லையா?"

பிரின்ஸ் குழுப் பட்டியலைப் பார்த்தார். இருபத்தாறு குழு சேர்ந்திருந்தது. அழைப்பிதழில் 'இருபத்தேழு குழுக்கள்' என்று ஏற்கனவே அச்சாகிவிட்டது. அந்த ஒரு காரணத்துக்காக அவர் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு நடை தொடங்கும் என்று போட்டிருந்தது. ஐந்தேகாலுக்கெல்லாம் கோகிலாவின் குழு மைதானத்தில் நின்றது. ஆறரைக்கு நாற்காலிகள் வந்தன. ஏழு மணிக்கு நாற்பத்தேழு பொறுப்பாளர்களுக்கும் சால்வை தொடங்கியது. சால்வை போர்த்துகிற வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. ஒருவர் பெயரைச் சொல்லி, அவர் வந்து, போர்த்தி, போட்டோவுக்கு நின்று, இறங்க ஒரு நிமிஷம். நடுவில் ஒருவரை விட்டுவிட்டால் அவர் கோபித்துக்கொண்டு வெளியே போய், சமாதானமாகித் திரும்பி வர எட்டு நிமிஷம். அன்றைக்கு மூன்று பேரை விட்டுவிட்டார்கள்.

பிறகு தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"நடை என்பது கால்களால் நடப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். நான் கேட்கிறேன், கால்கள் எங்கே நடக்கின்றன? உள்ளம்தான் நடக்கிறது! பதினோரு ஆண்டுகளாக நான் இந்த மேடையிலிருந்தே நடந்து வருகிறேன். ஒரு நாள்கூட எனக்குக் கால் வலித்ததில்லை!"

கைதட்டல் எழுந்தது. ஒலிபெருக்கி கோகிலாவின் குழுவுக்கு நேர் எதிரே இருந்தது. பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. இங்கேதான் தறிக்காரர்களின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஷெட்டுக்குள் நாற்பது தறி ஓடும்போது வாயால் பேசிப் பயனில்லை. அதனால் அவர்கள் எல்லாவற்றையும் கையாலேயே பேசுவார்கள். இரண்டு விரலை முறுக்கி விரித்தால் நூல் அறுந்துவிட்டது. கட்டைவிரலைக் கவிழ்த்தால் தார் தீர்ந்தது. உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்தால் முதலாளி தூங்குகிறார். ஷெட்டில் பத்து வருஷம் இருந்தவர்கள் கையாலேயே வதந்தி பரப்புவார்கள், சண்டையும் போடுவார்கள்.

சத்தம் காதை அடைத்ததும் மூன்று பெண்களும் தங்களை அறியாமல் அந்தப் பேச்சுக்கு மாறிவிட்டார்கள். முப்பிடாதியம்மாள் மேடையைக் காட்டி, விரலை முறுக்கி முறுக்கி விரித்து, கட்டைவிரலைக் கவிழ்த்தாள். 'நூலும் அறுந்துபோச்சு, தாரும் தீர்ந்துபோச்சு, ஆனா தறி நிக்க மாட்டேங்கு' என்று அர்த்தம். பிரேமலதா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையைக் கடித்தாள்.

மேடையிலிருந்த ஒரு துணைத் தலைவர் இதைப் பார்த்தார். நெகிழ்ந்துபோனார். தலைவரின் காதில் என்னமோ சொன்னார்.

"அன்பர்களே!" என்றார் தலைவர், குரல் தழுதழுக்க. "நம்மிடையே காது கேளாத, வாய் பேச இயலாத மூன்று சகோதரிகள் வந்திருக்கிறார்கள். என் உரையைக் கேட்க முடியாத நிலையிலும் கைகளால் பாராட்டிக்கொண்டிருக்கிறார்கள்!"

மைதானமே எழுந்து நின்று தட்டியது. சால்வைக் குழு ஓடிவந்தது. என்ன நடக்கிறதென்று புரிவதற்குள் மூன்று பேர் தோளிலும் சால்வை ஏறிவிட்டது. பின்னாலேயே பிரின்ஸ் வந்து குழுவின் ஐந்து பேருடைய அட்டையையும் வாங்கிக்கொண்டு வேறு அட்டை கொடுத்தார். அதில் 'பயனாளி' என்று இருந்தது.

"சார், எனக்கு நல்லாக் காது கேக்கும்," என்றாள் கோகிலா.

பிரின்ஸ் அவளை வருத்தத்தோடு பார்த்தார். "சால்வை போர்த்தியாச்சேம்மா."

"எடுத்துக்கிடுங்க."

"மேடை சார்பாப் போர்த்துன சால்வையைத் திரும்ப வாங்க விதி இல்லை. அதோட உங்க வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ்னு இப்பத்தான் சொன்னாங்க. அப்ப நீங்க எப்படிப் பார்த்தாலும் பயனாளிதான். பயனாளிகள் நடக்கக் கூடாது."

"ஏன் கூடாது?"

"மத்தவங்களுக்காக நடந்தாத்தான் தொண்டு. தனக்காகத் தானே நடந்தா அதுக்குப் பேரு போக்குவரத்து."

"அப்ப மத்த இருபத்தாறு குழுவும் பனவடலிக்கு நடந்து போகுமா?"

"அதுக்குப் பஸ் ஏற்பாடு பண்ணியிருக்கோம்."

கோகிலா திரும்பிப் பார்த்தாள். வாசலில் இரண்டு பேருந்து நின்றது. பச்சைப் பனியன் போட்ட குழுக்கள் ஜன்னலோரத்துக்கு இடம் போட்டுக்கொண்டிருந்தன. அந்த அதிகாரி அம்மா பஸ்ஸைக் கண்டால் முத்திரை போடுவாரா? போட மாட்டார். முத்திரை இல்லையென்றால் வேன் இல்லை. நாளைக்குத் திங்கட்கிழமை. பெருமாள்சாமி மறுபடியும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எல்லா நாளும் ஒரு கல்லூரிப் பெண் எழுந்திருப்பாளா?

அவள் சால்வையை மடித்து நாற்காலியில் வைத்தாள். மணி எட்டரை.

"ஏட்டி பிரேமா, செருப்பை மாட்டு. யக்கா, வாங்க. நடப்போம்."

"கொடி அசைக்கலையே, கோகிலா?" என்றான் இசக்கித்துரை.

"ஷெட்டுல நமக்கு எவன் கொடி அசைக்கான்?"

ஐந்து பேரும் வளைவைத் தாண்டியபோது கொடியசைப்புக் குழுவின் இரண்டாவது துணைக்குழு கையில் கொடியோடு பின்னால் ஓடிவந்தது. "யம்மா! நில்லுங்க! இன்னும் அசைக்கல! அசைக்கல!"

முப்பிடாதியம்மாள் திரும்பாமலே கத்தினாள். நாற்பது தறிக்கு மேலே கேட்கிற குரல் அது. டீக்கடையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்களுக்குத்தான் காது கேக்காதுல்லா!"

பத்து மணி வெயிலில் மேலநீலிதநல்லூர் வந்தது. சாலையோரம் அறக்கட்டளையின் தண்ணீர்ப் பந்தல். நாலு பானை நிறையத் தண்ணீர், வெட்டி வைத்த தர்ப்பூசணி. முன்னால் குறுக்கே சிவப்பு ரிப்பன். பந்தலுக்குப் பொறுப்பாளர் அருண்பாண்டியன் எழுந்து கை கூப்பினான்.

"தப்பா எடுத்துக்கிடாதீங்க அண்ணாச்சி. சிறப்பு விருந்தினர் வந்து ரிப்பனை வெட்டுனாத்தான் தண்ணி குடுக்க முடியும். இது இன்னும் திறக்காத தண்ணி."

"எப்ப வருவாரு?" என்றான் ரிபாயி.

"போன வருஷம் வரல."

"தண்ணி என்னாச்சு?"

"சாயங்காலம் செடிக்கு ஊத்திட்டோம்."

இசக்கித்துரை பந்தலை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். பிட்டருக்கு எதையும் சுற்றிப் பார்த்தால்தான் திருப்தி. பந்தல் என்பது நாலு காலும் மேலே ஒரு கூரையும்தான். ரிப்பன் கட்டியிருந்தது முன்பக்கத்தில் மட்டும். மீதி மூன்று பக்கமும் திறந்தே இருந்தது. ஐவரும் பின்பக்கமாகப் போய் வயிறு நிறையக் குடித்தார்கள். அருண்பாண்டியன் ரிப்பனையே காவல் காத்துக்கொண்டிருந்தான். அவன் யோக்கியமானவன், பதிவேட்டில் 'முன்பக்கமாக யாரும் வரவில்லை' என்று எழுதினான். அவர்கள் கிளம்பும்போது ஒரு தர்ப்பூசணித் தட்டைப் பார்க்காமலே பின்னால் நகர்த்தி வைத்தான்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருந்தும் ஹாரன் அடித்துக்கொண்டு அவர்களைக் கடந்து போயின. பச்சைப் பனியன்கள் ஜன்னல் வழியாகக் கையசைத்து உற்சாகப்படுத்தின. "விடாதீங்க! விடாதீங்க!" அரை மணி நேரம் கழித்து அதே பேருந்துகள் திரும்பி வந்தன. இந்தத் தடவை யாரும் கையசைக்கவில்லை.

என்ன நடந்ததென்று பனவடலிசத்திரம் போய்ச் சேர்ந்தபோது தெரிந்தது. வேப்பமரத்தடியில் ஒரு மேஜை போட்டு நிர்மலாதேவி தனியாக உட்கார்ந்திருந்தார்.

"பஸ்ஸில் வந்தவங்களுக்கு முத்திரை கிடையாதுன்னு அனுப்பிட்டேன். இருபது பேர் நின்னுகிட்டே வந்தாங்களாம். அதைப் பாதி நடையா எடுத்துக்கச் சொல்றார் உங்க செயலாளர்," என்றார். பிறகு மேஜைக்கு வெளியே குனிந்து அவர்களுடைய பாதங்களைப் பார்த்தார். கணுக்கால் வரை செம்மண். பிரேமலதாவின் ஒரு செருப்பு வார் அறுந்து சணலால் கட்டியிருந்தது. அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. பயனாளி அட்டைகளைத் திருப்பி, பின்பக்கத்தில் முத்திரை போட்டார். "திரும்பியும் நடந்துதான் வரணும். நான் வழியில வண்டியில வந்து பார்ப்பேன்."

போவதைவிட வருவது கொடுமை. வெயில் ரோட்டுத் தாரைக் குழைத்து வைத்திருந்தது. ரிபாயி பதினைந்து வருடம் அந்தச் சாலையில் வண்டி ஓட்டியவன். "எனக்கு இந்த ரோட்டுல ஒவ்வொரு பள்ளமும் தெரியும்னு நினைச்சேன். காலுக்கு வேற பள்ளம் இருக்கு மக்கா," என்றான். பிரேமலதா இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது தடவை உட்கார்ந்தபோது ஒரு கார் வந்து நின்றது. காலையில் நெகிழ்ந்துபோன அதே துணைத் தலைவர். குளிர்ந்த காற்று வெளியே வந்தது.

"ஏறுங்கம்மா," என்று சைகை காட்டினார். பிறகு அவர்களுக்குக் காது கேட்கும் என்பது ஞாபகம் வந்தவராக வாயாலும் சொன்னார்: "முத்திரைதான் வாங்கியாச்சே. மைதானத்துக்கு முன்னால இறக்கி விடுதேன். யாருக்குத் தெரியப் போகுது?"

பிரேமலதா கோகிலாவைப் பார்த்தாள். கோகிலா காரைப் பார்த்தாள். அந்த நிமிஷத்தில் அவளுக்கும் ஏறிவிடலாமென்றுதான் இருந்தது.

"எங்களுக்குத் தெரியுமே அண்ணாச்சி," என்றாள் கடைசியில். "போயிட்டு வாங்க." தன் செருப்பைக் கழற்றிப் பிரேமலதாவுக்குப் போட்டுவிட்டு, அறுந்ததைத் தான் மாட்டிக்கொண்டாள்.

அவர்கள் மைதானத்துக்குள் நுழைந்தபோது மணி ஐந்தரை. வளைவைப் பிரித்துச் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேடையில் மட்டும் வெயில் இருக்கும்போதே விளக்குகள் எரிந்தன. பக்கத்தில் புது வெள்ளை வேன், வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு நின்றது. நிர்மலாதேவி சொன்னபடி வழியில் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, அவர்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தார். மேடையில் தலைவருக்கு நாலடி நீளத்தில் தெர்மாகோல் சாவி ஒன்றைக் கொடுத்தார்கள். தங்கக் காகிதம் ஒட்டியது. தலைவர் அதைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு பேசினார்.

"இந்த வாகனத்தை நாங்கள் உயிரைப் போலப் பாதுகாப்போம். சித்திரையில் நல்ல நாள் பார்த்து, சிறப்பு விருந்தினர் தேதி கிடைத்ததும் தொடக்க விழா. அதுவரை ஒரு தூசு படாமல் என் அரிசி ஆலையில் நிற்கும். அடுத்த ஆண்டுப் பெருநடைக்கு முன்னால் வழிகாட்டி வாகனமாகச் செல்லும். நோயாளிகளை நாங்கள் மறக்கவில்லை! பதினைந்து நாளுக்கு முன் விண்ணப்பித்தால், அவர்களுடைய நோயின் தன்மையை எங்கள் குழு பரிசீலித்து, அறக்கட்டளை ஆண்டு விழாவன்று வேனில் ஏறி ஒரு சுற்று வர அனுமதிக்கும்!"

கைதட்டல் எழுந்தது.

கோகிலா மேடைப் படியில் ஏறவில்லை. மேடையோரத்தில் நின்ற நிர்மலாதேவியிடம் நேரே போனாள்.

"யம்மா, நீங்க தந்த கடுதாசியில யாரு நடந்தா வண்டின்னு போட்டிருக்கு?"

"முழுத் தூரமும் நடந்த குழு."

"அது யாரு?"

"நீங்க மட்டும்தான்."

"நாளைக்கு இந்தப் பக்கத்துல இருந்து போற ஏழு பேருக்கு ரத்தம் சுத்தம் பண்ணணும். ரத்தம் சித்திரை வரைக்கும் காத்துக்கிட்டு நிக்காது. தெர்மாகோலை அவங்களே வச்சுக்கிடட்டும். வண்டிய எடுக்கிற சாவி எங்க இருக்கு?"

நிர்மலாதேவி மேடையைப் பார்த்தார். தலைவர் தங்கச் சாவியை இடப்பக்கம் திருப்பி ஒரு போட்டோ, வலப்பக்கம் திருப்பி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். வண்டி இன்னும் நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கிறது; யார் கையில் கொடுப்பதென்று தீர்மானிக்க வேண்டியவர் அவர்தான். கைப்பையைத் திறந்தார். சுண்டுவிரல் நீளச் சாவி, அதில் ஒரு காகித அட்டை தொங்கியது. கோகிலாவின் உள்ளங்கையில் வைத்து, ஒரு தாளில் ஐந்து பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மேடையில் யாரும் இதைக் கவனிக்கவில்லை. கவனிக்கிற குழு என்று எதுவும் அங்கே இல்லை.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு ரிபாயி வாழைக்கன்றுகளை அவிழ்த்து ஓரமாக வைத்தான். ஏழு நோயாளிகளும் ஏறினார்கள். முகம்மது யூசுப்புக்கு முன் சீட். பெருமாள்சாமி ஜன்னலோரம் உட்கார்ந்து, இடது கையை மடியில் ஒரு துண்டின் மேல் பத்திரமாக வைத்துக்கொண்டான். கோகிலா கதவைச் சாத்தப் போகும்போது தலைவரின் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. பின் ஜன்னல் வழியாகத் தங்கச் சாவியின் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தலைவர் இறங்கினார், பின்னாலேயே பிரின்ஸும் விதிப் புத்தகத்தோடு இறங்கினார்.

"யாரைக் கேட்டு வண்டியில ஏறுனீங்க?" என்று தலைவர் கத்தினார்.

பெருமாள்சாமி ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கினான்.

"நடந்தவங்ககிட்ட கேட்டோம் சார்," என்றான். "ஏறிக்கிடச் சொன்னாவ."

ரிபாயி முதல் கியரைப் போட்டான்.